டிக்கா டி: 24 மணி நேரம் முன்னாடியா, பின்னாடியா?

மெட்டுக்காரன்:
தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு கலை. லண்டன் ராப் பாடகர் டிக்கா டி பற்றி, ட்ரில் (இருண்ட தொனியில் தெருச் சண்டைகளைப் பாடும் ராப் வகை) இழையில் சட்டப்புள்ளி நேற்று எழுதியது இது: "டிக்கா டி பாட யாரும் தடை போடவில்லை. பாட்டு போட்டால் போலீசுக்குச் சொல்லணும் என்று இருந்தது, அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' இருக்கே, அதுதான் வயிற்றெரிச்சல். 17 வயசுப் பையனாக இருந்த டிக்கா டி-க்கு 2018 ஜூன்ல லண்டன் கிங்ஸ்டன் கிரௌன் கோர்ட் ஓராண்டு தண்டனை கொடுத்தது. கூடவே குற்ற நடத்தை உத்தரவு என்று, பாட்டில் எதைச் சொல்லக்கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒன்றையும் தலையில் கட்டியது. பாட்டு வெளிவர 24 மணி நேரம் முன்னாடியே வரிகளைக் கொண்டுபோய் போலீஸ் மேஜையில் வைக்கணும். இது தணிக்கை இல்லாமல் வேற என்ன?

சட்டப்புள்ளி:
முன்னாடி இல்லை. பாட்டு இணையத்தில் ஏறி 24 மணி நேரத்துக்குள். 48 மணி நேரம் முன்கூட்டியே சொல்லணும் என்பது மேடை நிகழ்ச்சிக்கு. தேதி, இடம் இரண்டையும் சொல்லி, அதிகாரிகள் வந்து பார்க்கவும் விடணும். நீங்கள் 24-ஐயும் 48-ஐயும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டிவிட்டீர்கள்.

இன்னொன்று. அந்த உத்தரவைப் போலீஸ் போடவே முடியாது. 2014-ல் வந்த சமூகவிரோத நடத்தைச் சட்டம், பிரிவு 22. முதலில் ஒரு குற்றத்தில் தண்டனை ஆகியிருக்கணும். பிறகு அரசு வழக்கறிஞர் கேட்கணும், நீதிபதி கொடுக்கணும். 18 வயசுக்குக் கீழே என்றால் 1 முதல் 3 ஆண்டு. பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டு. சிறார் மேல் உள்ள உத்தரவை 12 மாதத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை செய்யணும். மீறினால் பெரியவர்களுக்கு 5 ஆண்டு வரை உள்ளே.

மெட்டுக்காரன்:
பிரிவு எண் சொன்னால் பயந்துவிடுவோமா? பாட்டு ஏறிய பிறகு வரி கொடுத்தாலும், அதில் உத்தரவு தடுத்த ஒரு பெயர் இருந்தால் கைதுதானே? அப்போது எந்தப் பாடகன் முன்னாடியே காட்டாமல் போடுவான்? நடைமுறையில் முன்னாடிதான்.

சட்டப்புள்ளி:
"நடைமுறையில்" என்று இப்போதுதான் புதுசாக ஒரு சொல் முளைக்கிறது. முதல் பதிவில் அது இல்லை. முன்னாடியா, 24 மணி நேரத்துக்குள்ளா? ஒரே கேள்வி.

நள்ளிரவு வானொலி:
ரெண்டு பேரும் மணிக்கணக்கு பார்த்துக்கிட்டே இருங்க. அந்தப் பையன் எதுக்கு உள்ள போனான்னு யாராவது சொல்றீங்களா? 2017 நவம்பர், நாட்டிங் ஹில். டிக்கா டி-யோட 1011 ட்ரில் குழுப் பசங்களைப் போலீஸ் மடக்குது. கையில வெட்டுக்கத்தி, பேஸ்பால் மட்டை. கேட்டா "வீடியோ எடுக்கப் போறோம்"னு பதில். எதிராளிங்க ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கத்து 12வேர்ல்ட்ங்கிற குழு. அவங்களை அடிக்கக் கிளம்பினதுதான்னு வழக்கு நின்னுச்சு. கலவரம் செய்யச் சதின்னு தண்டனை. பாட்டுக்காக யாரும் உள்ள போகல.

மெட்டுக்காரன்:
வானொலி அண்ணே, தண்டனை கத்திக்கு. உத்தரவு பாட்டுக்கு. கத்தி பிடித்தவனுக்குக் கத்தியைத் தடை செய்யுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? டபிள்யூ10, டபிள்யூ11 இரண்டும் அவன் வளர்ந்த லாட்புரோக் குரோவ் பகுதியின் அஞ்சல் எண். குழுவின் பேரே அதில் இருந்து வந்ததுதான். குறிப்பிட்ட ஆட்கள் பேர் சொல்லாதே, குறிப்பிட்ட இடத்தைச் சொல்லாதே என்றால் ட்ரில்லில் மிச்சம் என்ன இருக்கு? 808 டிரம் இயந்திரத்தின் பேஸும் இருமலும்தான்.

சட்டப்புள்ளி:
மிச்சம் நிறைய இருக்கிறது. 2021-ல் டிக்கா டி-யின் ஒரு தொகுப்பு பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 3-ஆம் இடம். 2022 ஏப்ரலில் அடுத்தது முதலிடம். வாய் கட்டப்பட்டவன் முதலிடம் பிடிக்கிறான்! வேலை நடக்கிற விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். வரிகளை முழுசாகத் தட்டச்சு செய்வார்கள். ஆள் பேர், தெரு, பழைய சண்டை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் குறி போடுவார்கள். வழக்கறிஞர் பார்ப்பார். பிறகு அந்தச் சொல்லை மட்டும் ஒலியில் அமுக்குவார்கள், அல்லது பின்னோக்கி ஓட்டுவார்கள். நாலு எழுத்து பறிபோகும், பாட்டு பிழைக்கும். இதில் சிக்கல் எங்கே வரும் என்றால் கூட்டுப் பாடல்களில். தன் பகுதியைச் சுத்தம் செய்துவிட்டு நண்பன் பகுதியைக் கேட்காமல் விட்டால் போச்சு. இன்னொரு ஆபத்து நேரலை. இன்ஸ்டாகிராமில் பேசும்போது அமுக்குவதற்குப் பொத்தான் கிடையாது.

மெட்டுக்காரன்:
பாருங்கள், நீங்களே சொல்கிறீர்கள்! வழக்கறிஞர் முன்னாடி பார்க்கிறார். குறி முன்னாடி போடுகிறார்கள். முன்னாடி, முன்னாடி, முன்னாடி. அப்புறம் என்ன 24 மணி நேரத்துக்குள்?

சட்டப்புள்ளி:
வழக்கறிஞர் போலீஸ் இல்லை. சொந்தக் காசில் சொந்த வக்கீலிடம் காட்டுவது தணிக்கை என்றால், பத்திரிகை ஆபீஸ் எல்லாமே தணிக்கை ஆபீஸ்தான்.

கோட்டைமேடு கோபி:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். உண்மையான அநியாயம் டிக்கா டி கேஸ் இல்ல, ஸ்கெங்டோ, ஏஎம்ங்கிற ரெண்டு ட்ரில் பாடகர்கள் கேஸ். லண்டன் பிரிக்ஸ்டன் 410 குழு. 2018 டிசம்பர்ல கச்சேரியில ஒரு பாட்டு பாடுனாங்க, 2019 ஜனவரியில 9 மாசம் சிறை, 2 வருஷம் நிறுத்திவச்சு. அவங்க மேல இருந்தது கும்பல் தடையாணை. 2009 சட்டம். அதுக்குக் குற்றத் தண்டனையே தேவையில்ல. சிவில் கோர்ட், 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்'கிற அளவுக்குக் காட்டினா போதும். மீறினா நீதிமன்ற அவமதிப்பு. பாட்டுப் பாடினதுக்கே தண்டனைன்னா அதுதான். இதைப் பத்தி ஒருத்தரும் பேசல.

சட்டப்புள்ளி:
கோபி சொல்வது சரியான தகவல். ஆனால் தலைப்பு டிக்கா டி. கும்பல் தடையாணையும் குற்ற நடத்தை உத்தரவும் ஒன்றில்லை என்று போன மாதமே இங்கே நான்கு பத்தி எழுதினேன். அப்போது "நீளமா இருக்கு" என்று கிண்டல் செய்தது யார்? மெட்டுக்காரன்தான்.

மெட்டுக்காரன்:
நீளமாகத்தான் இருந்தது.

கோட்டைமேடு கோபி:
நான் சொல்ல வந்தது வேற. பாட்டு நேரா போலீஸ் கைக்குப் போற வழி இந்த உத்தரவு மட்டும் இல்ல. 2021 ஜூன்ல இருந்து 2022 மே வரைக்கும் லண்டன் போலீஸ் இசை சம்பந்தமா சமூக ஊடக, ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு அனுப்புன கோரிக்கை 286. அத்தனையும் ட்ரில். 255-ல பாட்டு தூக்கப்பட்டுச்சு. இதுக்குக் கோர்ட்டும் இல்ல, நீதிபதியும் இல்ல. ஒரு மின்னஞ்சல். இன்ஸ்டாகிராம் நடத்துற மெட்டாவோட மேற்பார்வை வாரியம் சிங்க்ஸ்ங்கிற ட்ரில் பாடகர் பாட்டு ஒண்ணைத் திரும்பப் போடச் சொல்லி 2022 நவம்பர்ல தீர்ப்பு கொடுத்தப்பதான் இந்த எண்ணிக்கையே வெளிய வந்துச்சு.

மெட்டுக்காரன்:
அடி சக்கை. 286-ல் 255! இதற்கு மேல் என்ன வேண்டும் சட்டப்புள்ளி சார்? இதுவும் "தகவல் சொன்னால் போதும்" ரகமா?

சட்டப்புள்ளி:
கோபியின் எண்ணை எடுத்து உங்கள் பையில் போடாதீர்கள். அது சமூக ஊடக, ஒலிபரப்பு நிறுவனங்களுக்குப் போன கோரிக்கை. டிக்கா டி-யின் 24 மணி நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன்னாடியா, உள்ளேயா? இன்னும் பதில் வரவில்லை.

நள்ளிரவு வானொலி:
பாவம் பையன்னு கண்ணீர் விடுறவங்களுக்கு: 2024 பிப்ரவரி, லிங்கன்ஷயர். நேரலையில இருக்கும்போதே போலீஸ் வீட்டுக்குள்ள வருது. கஞ்சா விநியோக வழக்கு, அதுலயும் சிறை. இதுலயும் அஞ்சல் எண் தப்பா?

மெட்டுக்காரன்:
உத்தரவு வந்தது 2018-ல். கஞ்சா 2024-ல். ஆறு வருஷம் கழித்து நடந்ததைக் காட்டி முன்னாடி போட்டதை நியாயப்படுத்துவது எந்த ஊர் நியாயம்? 17 வயசில் இருந்து கச்சேரிக்கு 48 மணி நேரம், பாட்டுக்கு 24 மணி நேரம் என்று ஒருவனை விரட்டினால் அவன் என்ன ஆவான்?

நள்ளிரவு வானொலி:
முதலிடம் ஆவான். 2022 ஏப்ரல். மேலே ஒருத்தர் சொன்னாரே.

கோட்டைமேடு கோபி:
😂

சட்டப்புள்ளி:
விரட்டல் பற்றிப் பேசினால் சரியாகப் பேசுங்கள். பலமுறை உள்ளே போய் வந்தான். உத்தரவை மீறியதாக ஒரு கணக்கு. விடுதலைக்குப் பிறகான நிபந்தனைகள் தனிக் கணக்கு, அது நன்னடத்தை அதிகாரிகள் கையில். உத்தரவு மீறலுக்குப் புது வழக்கு, புது விசாரணை வேண்டும். நிபந்தனை மீறலுக்கு அதிகாரி ஒரு கையெழுத்து போட்டால் திரும்ப உள்ளே. ரசிகர் பக்கங்களில் இரண்டையும் சேர்த்து "பாட்டுக்காக ஜெயில்" என்று எழுதுகிறார்கள். உண்மையில் கேள்வி கேட்க வேண்டிய இடம் அந்தக் கையெழுத்துதான். மெட்டுக்காரன் அதை விட்டுவிட்டு மணியைப் பிடித்துத் தொங்குகிறார்.

மெட்டுக்காரன்:
மணியைப் பிடித்துத் தொங்குவது நானா? "முன்னாடியா உள்ளேயா" என்று திரும்பத் திரும்பக் கேட்பது யார்? எனக்கும் லண்டன் போலீஸ் வரலாறு தெரியும். 2005-ல் இருந்து 696 படிவம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கச்சேரி நடத்தினால் என்ன வகை இசை, யார் வருவார்கள் என்று நிரப்பணும். அதைக் கைவிட்டது 2017 நவம்பரில். நாட்டிங் ஹில்லில் பசங்களை மடக்கிய அதே நவம்பர். ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறந்தார்கள்.

சட்டப்புள்ளி:
மாதம் ஒன்றாக இருந்தால் காரணமும் ஒன்றா? படிவத்தை நிரப்பியது கச்சேரி நடத்துபவர். உத்தரவு விழுந்தது தண்டனை பெற்ற ஐந்து பேர் மேல். அடுத்து "கிரைமில் (grime, லண்டனின் பழைய வேக ராப் வகை; குற்றம் அல்ல) இருந்துதான் ட்ரில் வந்தது" என்று ஆரம்பிப்பீர்கள், அதற்கும் தயாராக இருக்கிறேன்.

மெட்டுக்காரன்:
வரத்தான் செய்தது. சிகாகோவில் இருந்து வந்தது பேரும் இருட்டும். சிகாகோ ட்ரில் பாடகர் சீஃப் கீஃப் 2012-ல் போட்டதைக் கேட்டுவிட்டு லண்டன் ட்ரில்லைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 140 அடியை ஒட்டிய வேகம், வழுக்கிக்கொண்டு இறங்கும் 808, முதல் அளவில் (நாலு அடி கொண்ட சுற்று) 3-ஆம் அடியில் ஸ்னேர் டிரம், இரண்டாம் அளவில் 4-ஆம் அடியில் ஸ்னேர். அந்தத் தள்ளிப்போன அடிதான் லண்டன். சிகாகோவில் அது இல்லை.

கோட்டைமேடு கோபி:
ஸ்னேர் கணக்கு சரி. ஆனா அதை கிரைம்னு சொல்றது ஒத்துக்க முடியாது. கிரைம்ல ஸ்னேர் எங்க விழுதுன்னு முதல்ல போய்க் கேளுங்க.

மெட்டுக்காரன்:
வேகத்தைச் சொன்னேன் கோபி, அடியைச் சொல்லவில்லை. படித்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டப்புள்ளி:
அடியைத்தான் சொன்னீர்கள். மேலே இருக்கிறது, "அந்தத் தள்ளிப்போன அடிதான் லண்டன்" என்று. இதுவும் "நடைமுறையில்" வேகமா?

நள்ளிரவு வானொலி:
ஸ்னேருக்குத் தனி இழை திறங்கடா சாமி.

மெட்டுக்காரன்:
திறக்கிறேன். சட்டப்புள்ளி அங்கே வராமல் இருந்தால்.