மாரடோனா கையெழுத்திட்ட அட்டை அசல்தானா? உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கால்பந்தே மூச்சென்று வாழும் என் அக்காள் மகன், மாரடோனா கையெழுத்திட்டதாக இணையத்தில் விற்பனைக்கு வந்துள்ள ஓர் அட்டைக்குத் தன் சேமிப்பு முழுவதையும் கொடுக்க முனைந்திருக்கிறான். 2020 நவம்பரில் அவர் மறைந்துவிட்டதால் இனிப் புதிய கையெழுத்துக்கு வழியில்லை. போலிகள் பெருகுவதற்கு அதுவே போதும்.

அட்டை, சேகரிப்பு அட்டைகளையும் கையெழுத்துகளையும் சோதித்துச் சான்றளிக்கும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் முத்திரையுள்ள பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. சான்றிதழ் எண்ணும் அந்நிறுவனத்தின் தளத்தில் பொருந்துகிறது. ஆயினும், உண்மையான அட்டையொன்றின் எண்ணை எடுத்துப் போலி உறையில் அச்சிட்டு விற்பவர்களும் இருப்பதால், எண் பொருந்துவதை மட்டும் நம்ப மனம் ஒப்பவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கையெழுத்தின் கோடுகள் தொடக்கம் முதல் முடிவுவரை ஏற்ற இறக்கமின்றி ஒரே தடிமனில் ஓடுகின்றன. வேகமாக எழுதும் மனிதக் கை இப்படி எழுதுமா என்பதே என் ஐயம். அச்சிட்ட நகலாயின் உருப்பெருக்கியில் நுண்புள்ளிகள் தெரியக்கூடும், ஆனால் விற்பவர் அனுப்பிய படம் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை.

அவரிடம் எந்தெந்தக் கோணங்களில், எவ்வகை வெளிச்சத்தில் படம் கேட்க வேண்டும்? மாரடோனாவின் அசல் கையெழுத்தை வைத்திருப்பவர்கள் அதன் நெருக்கமான படத்தை ஒப்பிடுவதற்காகப் பகிர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்புவதாக அவன் சொல்லியிருப்பதால், அதற்குள் பதிலளித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.