கயிற்றைத் தேடாதீர்கள்: ஊர்களில் முதலுதவி சொல்லிக்கொடுத்தவர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், ஜவ்வாது மலை:

22 ஆண்டுகள் இந்த மலையில் வேலை பார்த்தேன். ஊர் ஊராகப் போய் முதலுதவி சொல்லிக்கொடுப்பவர்கள் தாங்கள் பார்த்ததை எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படும். என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

சாமை அறுப்பு நேரம். ஒரு பெண்ணைக் காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கணவரும் கொழுந்தனாரும் கையில் கிடைத்த கயிற்றால் கணுக்காலுக்கு மேல் நரம்பு புடைக்க இறுக்கிக் கட்டினார்கள். கடிவாயைப் பிளேடால் கீறினார்கள். பிறகு டோலி கட்டி இரண்டு மணி நேரம் சுமந்து சாலைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பியது, பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த இரண்டு பேரையும் குறைசொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. தோல் உரியும் வரை சுமந்தவர்கள் அவர்கள். கட்டக்கூடாது என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. தடுப்பூசி, பிரசவம், எடை பார்ப்பது என்றே என் நாட்கள் போயிருந்தன.

கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை உறையவிடாது, கடித்த இடத்துச் சதையையும் அழிக்கும். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்திலேயே சதை செத்துப்போகும். கீறினால் இரத்தம் நிற்காது. இதை முதல் வகுப்பில் மருத்துவப் பாடம்போலச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதமே ஒருவர் காலில் கயிற்றோடு வந்தார்.

அதன்பிறகு பாடத்தை விட்டுவிட்டேன். புளியமரத்தடியில் பாயை விரித்து ஒரு பையனைப் படுக்கவைத்தேன். இரண்டு மூங்கில் பத்தை, ஒரு பழைய சேலை, அவ்வளவுதான் கருவி. "எலும்பு முறிந்தால் கால் அசையாமல் எப்படிக் கட்டுவீர்கள்? பாம்பு கடித்த காலையும் அப்படியே கட்டுங்கள்" என்றேன். கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கடிபட்டவரை நடக்கவிடக்கூடாது. பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ ஓடக்கூடாது. ஒவ்வொருவரும் தம் கையால் கட்டிப் பார்த்த பிறகுதான் வகுப்பைக் கலைப்பேன். கயிறு தேடிப் பழகிய கைக்கு மூங்கில் பத்தை பழக மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

எங்கள் ஊரில் விஷத்துக்கு மந்திரிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. கடிபட்டவர்களை முதலில் அவரிடம்தான் தூக்கிப் போவார்கள், அங்கேயே பாதி நேரம் போய்விடும். அவரைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் எதையும் செய்ய முடியாது. பகைக்க வேண்டிய மனிதரும் அல்ல, யாரிடமும் காசு வாங்கியவர் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து எப்படி வருகிறது என்று சொன்னேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அவர்கள் உயிரோடு பிடிக்கும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "பாம்பு தெரிந்த மக்கள் கொடுக்கிற மருந்தா அது?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா. நீங்கள் மந்திரியுங்கள், ஆனால் வண்டியில் கூடவே ஏறி உட்கார்ந்து மந்திரியுங்கள்" என்றேன். அன்றுமுதல் கடிபட்டவரின் பயத்தைத் தணிக்கும் வேலை அவருடையதானது. அதை அவரைவிட நன்றாகச் செய்தவர் இல்லை.

மினி லாரி ஓட்டுநர், அதே மலை:

அக்கா, அந்தப் புளியமரத்தடியில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் மாறுதலாகிப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வயிற்று வலி. பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்தார், வாந்தி எடுத்தான். உடம்பில் காயமோ வீக்கமோ எதுவும் இல்லை. என் மனைவிதான் டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தாள். இரண்டு இமைகளும் பாதி இறங்கியிருந்தன. பேர் கேட்டால் நாக்கு குழறியது. தரையில் பாய் போட்டுப் படுத்த பையன். "இது கட்டுவிரியன். டீச்சரம்மா சொன்னார்களே, கடித்ததே தெரியாது என்று" என்றாள். உங்களை அவள் எப்போதும் டீச்சரம்மா என்றுதான் சொல்வாள்.

108 மேலே ஏறி வரும்வரை காத்திருக்காமல் போன் செய்துவிட்டு நாங்களே கிளம்பினோம். பையனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தோம், வாந்தி மூச்சுக்குழாயில் போகக்கூடாதே. மனைவி பின்னால் உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது, மாற்றி ஏற்றினோம். இரண்டு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தான். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அந்தத் தெருவில் இன்று தரையில் படுப்பவர்கள் எல்லோரும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டுதான் படுக்கிறார்கள்.

பள்ளி ஆசிரியை, திருத்துறைப்பூண்டிப் பக்கம்:

எங்கள் பக்கம் மலை இல்லை, குளம்தான். நாலு வயதுப் பிள்ளை குளத்தில் விழுந்து மூழ்கிவிட்டது. தூக்கிக் கரையில் போட்டதும் ஒரு பெரியவர் பிள்ளையின் வயிற்றைத் தன் தலைமேல் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். தண்ணீர் வெளியே வரும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. அந்த நிமிடங்களில் பிள்ளைக்குத் தேவை காற்று. வயிற்றை அழுத்தினால் உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குப் போகும்.

சில மாதங்களுக்கு முன்புதான் பொம்மையை வைத்துப் பயிற்சி எடுத்திருந்தேன். பெரியவர் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். தரையில் கிடத்தி, தலையைச் சற்றுச் சாய்த்து, மூக்கைப் பிடித்து மூடி, வாயோடு வாய்வைத்து ஊதினேன். நெஞ்சு எழும்பியது. பிறகு ஒரு கையால் நெஞ்சுக்கூட்டின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றிச் செய்தேன். எத்தனை சுற்று என்று எனக்கு நினைவில்லை. இருமல் வந்தது, அழுகை வந்தது. கண் திறந்துவிட்டதே, வீட்டுக்குத் தூக்கிப்போகலாம் என்றார்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும் என்று மன்றாடி மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

அந்தப் பெரியவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஊர் நடுவில் அவர் கையைத் தட்டிவிட்டேன் என்ற வருத்தம். பொங்கலன்று வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். அடுத்த பயிற்சிக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

விவசாயி, கல்வராயன் மலை அடிவாரம்:

செவிலியர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. நாம் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்ததும் உடனே அறுத்துவிடலாமா? போன வாரம் எங்கள் ஊரில் அப்படித்தான் ஒருவர் கிடந்தார். அறுக்கவும் பயம், விடவும் பயம்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், ஜவ்வாது மலை:

நல்ல கேள்வி ஐயா. உங்கள் பயம் நியாயமானது. வழியில் சட்டென்று அறுக்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் இறங்கி, மூச்சோ இரத்த அழுத்தமோ திடீரென்று விழலாம். கட்டு எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதிக் கூடப் போகிறவரிடம் கொடுங்கள். காலை அசையாமல் பத்தை வைத்து, வண்டியை விரைவுபடுத்துங்கள். விஷமுறிவு மருந்தைக் கையருகே வைத்துக்கொண்டு மருத்துவர் கட்டை அவிழ்ப்பார்.

இன்னொன்றும் செய்துவையுங்கள். முதல் தவணைக்கே பொதுவாக 8 முதல் 10 குப்பி தேவைப்படும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருக்கிறது, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லாவிட்டால் அடுத்து எந்த மருத்துவமனை என்று மழைக்காலம் தொடங்குமுன் நேரில் போய்க் கேட்டு, அந்தத் தொலைபேசி எண்களை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். எங்கள் ஊரில் அதை மந்திரிக்கும் பெரியவரின் பேரன்தான் எழுதினான்.