"உன் பேரென்ன, யாரு அனுப்பினா"ன்னு பேய்கிட்ட கேட்ட ஜெபத்துல இருந்திருக்கீங்களா? அனுபவத்த சொல்லுங்க

உப்பளத்தான்:
ரொம்ப வருஷமா மனசுல கெடக்குது, இன்னைக்கு எழுதிடுறேன். எங்க சித்தி பொண்ணுக்கு அப்ப 17 வயசு, பிளஸ் டூ. ராத்திரி தூக்கமில்ல, சோத்த பிசைஞ்சுகிட்டே உக்காந்திருப்பா, ஒருநாள் ஆம்பளக் குரல்ல சிரிச்சான்னு சித்தி போன்ல ஒரே அழுகை. எங்க ஊர் கத்தோலிக்கக் கோயில் பங்குச் சாமியார பாக்கலாம்னு எங்கம்மா சொன்னாங்க, அதுக்குள்ள சித்தி ஜெபக்கூட்டம் நடத்துற ஒரு அக்காவ வரச் சொல்லிட்டாங்க. நாலு பேரு வந்தாங்க, ஜன்னலெல்லாம் சாத்தி பொண்ண பாய்ல உக்கார வெச்சு மொதல்ல ஜெபமாலை சொன்னாங்க, அதுவரைக்கும் ஒரு குத்தமும் இல்ல. அப்புறம் அந்த அக்கா தலைல கைய வெச்சு அழுத்தி "உன் பேரென்ன, எத்தன பேரு உள்ள இருக்கீங்க, யாரு அனுப்பினா"ன்னு ஆரம்பிச்சாங்க. அவ வாயத் தொறக்கல. இவங்களும் விடல. தீர்த்தத்த மூஞ்சில அடிச்சு அடிச்சு முடியெல்லாம் நனைஞ்சு கண்ணுல ஒட்டிக்கிச்சு. முக்கா மணி நேரம் இருக்கும், மெதுவா "பெரியம்மா"ன்னா.

பெரியம்மான்னா யாரு, எங்கம்மா. அங்கனயேதான் நின்னுகிட்டு இருந்தாங்க, கைல தண்ணி சொம்போட.

அன்னையோட சித்தி வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் பேச்சு நின்னுச்சு. ஆறு வருஷம்.

அப்புறம் எங்க சாமியார்ட்ட கேட்டேன், பொதுநிலையினர், அதாவது சாமியார் இல்லாத சாதாரண விசுவாசிங்க, இதெல்லாம் பண்ணலாமா சாமின்னு. திருச்சபைச் சட்டம் 1172ஐ எடுத்துக் காட்டினார். பேய் பிடிச்சவங்க மேல பேயோட்டும் சடங்கு செய்யணும்னா ஆயர் (பிஷப்) தனியா, வெளிப்படையா அனுமதி குடுக்கணும், அதுவும் குருவுக்கு, அதாவது சாமியாருக்குத்தான் குடுக்க முடியும், எல்லா குருவுக்கும் கூட கிடையாது, பக்தி அறிவு விவேகம் நல்ல நடத்தை எல்லாம் பாத்துதான். 1985 செப்டம்பர்ல ரோமுல இருந்து ஆயர்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு, கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்து, பின்னாடி போப்பாண்டவர் ஆனவர்தான். அனுமதி இல்லாதவங்க பேய்கிட்ட நேரடியா கேள்வி கேட்டு அது யாருன்னு தெரிஞ்சுக்கப் பாக்குற கூட்டங்கள நடத்தக் கூடாதுன்னு அதுல பட்டவர்த்தனமா இருக்கு. எங்க வீட்ல நடந்தது அச்சு அசலா அதேதான். நீங்க என்ன பாத்தீங்க, சொல்லுங்க.

மலைக்கோட்டை மதி:
தம்பி உங்க வீட்ல நடந்தது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நான் 14 வருஷமா அருங்கொடை இயக்கத்துல (கரிஸ்மாட்டிக் ஜெபக்குழு) இருக்கேன், எல்லாரையும் ஒரே சாக்குல கட்டாதீங்க. எங்க குழுவுல யாரும் கத்த மாட்டோம், எதையும் அதட்டி "வெளிய போ"ன்னு சொல்ல மாட்டோம். "ஆண்டவரே இந்தப் புள்ளைய தீமைல இருந்து காப்பாத்தும்"னு அவர்கிட்ட கேப்போம், அவ்ளோதான். அதே 1985 கடிதத்தோட கடைசில தீமையிலிருந்து விடுதலை கேட்டு ஜெபிக்கிறத இது தடுக்கலன்னும் இருக்கே, உங்க சாமியார் அத வாசிச்சாரா? 1999ல வந்த புது பேயோட்டும் சடங்கு புத்தகத்தோட பின்னிணைப்புலயே விசுவாசிங்க தனியா சொல்லிக்க ஜெபங்கள் குடுத்திருக்காங்க. தீமைல இருந்து எங்கள இரட்சித்தருளும்னு தினம் சொல்றமே, அது விடுதலை ஜெபம் இல்லாம வேற என்னவாம்.

உப்பளத்தான்:
கடைசிப் பகுதிய சாமியாரும் வாசிச்சார்க்கா, நான்தான் எழுதாம விட்டுட்டேன். நீங்க செய்யறதுக்கும் எங்க வீட்டுல நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்த நீங்களே சொல்லிட்டீங்க, நீங்க பேசறது ஆண்டவர்ட்ட, அவங்க பேசினது பேய்ட்ட. இன்னொன்னும் கேளுங்க, வாட்ஸ்அப்ல ஒரு நீளமான மிக்கேல் அதிதூதர் ஜெபம் சுத்துது, "வீட்ல சொல்லுங்க, சாத்தான் ஓடிரும்"னு. பூசைக்கு அப்புறம் சொல்ற சின்ன ஜெபம் இல்ல, அத யாரும் சொல்லலாம். இது போப்பாண்டவர் 13ஆம் லியோ காலத்துல 1890ல வந்த பேயோட்டும் வாய்பாடு, அத பொதுநிலையினர் பயன்படுத்தக் கூடாதுன்னு அந்தக் கடிதத்துலயே போட்டிருக்கு. எங்க அன்பியம் (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேந்த ஜெபக்குழு) குரூப்ல மட்டும் மூணு தடவ வந்துருச்சு, ஒவ்வொரு தடவையும் நாந்தான் வில்லன்.

தாமிரபரணி:
எங்க அத்தைய புளியம்பட்டி அந்தோணியார் கோயில்ல வெச்சிருந்தோம், ஒரு மாசத்துக்கு மேல. சாயந்தரமானா ஆட்டம், கூந்தல விரிச்சுப் போட்டு தலைய சுத்துவாங்க, எனக்கு அப்ப பத்து வயசு, கொடிமரத்த தாண்டி போகவே பயம். ஆனா நாங்க இருந்த வரைக்கும் அத்தைகிட்ட யாரும் பேரக் கேக்கல, யாரு செஞ்சதுன்னும் கேக்கல. அவங்களா ஆடி அவங்களா ஓய்வாங்க, ஆச்சி முந்தானையால வேர்வைய தொடச்சுவிட்டு சோறு ஊட்டும். செவ்வாய்க்கெழம பூசைக்கு கூட்டம் நெறிக்கும். குணமாச்சான்னா, பாதி ஆச்சு, பாதி பாளையங்கோட்டைல ஒரு டாக்டர் மாத்திரைல ஆச்சு. ஆச்சி ரெண்டுக்கும் சேத்துதான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி போட்டுச்சு.

வார்டு நர்ஸ்:
மனநல வார்டுல வேல பாக்குறேன், கத்தோலிக்கப் பொண்ணுதான். அனுமதி அனுமதின்னு பேசறீங்க, ஜெர்மனில ஆன்னலீஸ் மிஷெல்னு ஒரு பொண்ணு, அதுக்கு ஆயர் அனுமதியோடதான் ரெண்டு குருக்கள் பேயோட்டும் சடங்கு செஞ்சாங்க. 67 தடவ. வலிப்புக்கு வைத்தியம் பாத்துகிட்டு இருந்த பொண்ணு, கடைசில டாக்டரும் இல்ல சாப்பாடும் இல்ல, 1976 ஜூலைல சாகும்போது 23 வயசு, எடை முப்பது கிலோ சொச்சம். 1978ல அப்பா அம்மாவுக்கும் அந்த ரெண்டு குருக்களுக்கும் தண்டனை வந்துச்சு, நிறுத்தி வெச்ச தண்டனைதான். ஜெபம் பண்ணுங்க, நானும் ராத்திரி டியூட்டில பேஷண்ட் பக்கத்துல நின்னு மனசுக்குள்ள சொல்லுவேன். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க. உப்பளத்தான், அந்தப் பொண்ணு ஏன் பெரியம்மான்னு சொன்னா, எப்பவாச்சும் கேட்டீங்களா?

உப்பளத்தான்:
கேட்டேன் சிஸ்டர். டாக்டர்ட்ட கொஞ்ச மாசம் போயி நல்லா தூங்க ஆரம்பிச்சு, காலேஜும் சேந்ததுக்கு அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். "யாரு பேரையாச்சும் சொன்னா விட்டுருவாங்கன்னு தோணுச்சுண்ணே, நிமிந்து பாத்தேன், பெரியம்மா நின்னாங்க"ன்னா.

போன கிறிஸ்துமஸுக்குத்தான் சித்தி மொதமொதலா எங்க வீட்டுப் படி ஏறினாங்க. அம்மா காபி போட்டுக் குடுத்தாங்க. சித்தி டம்ளர வாங்கி கையிலயே வெச்சிருந்தாங்க, ஆறி ஆடை கட்டிருச்சு. அந்தப் பொண்ணுதான் "குடும்மா"ன்னு பிடுங்கி, தன்னோடதையும் அதையும் சேத்துக் குடிச்சிட்டு டம்ளர கழுவ வெச்சா.