யு.கே.ஜி. பையனுக்குக் கதை வாசிக்கிறேன்: தெரியாத சொல் வந்தால் நிறுத்த வேண்டுமா?

ஆனையூர் அம்மா:
வணக்கம். மகனுக்குப் போன ஆவணியில் ஐந்து முடிந்தது. வீட்டில் முழுக்கத் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் அவனிடம் இருக்கிற சொற்கள் ரொம்பக் கொஞ்சம். எது கீழே வந்தாலும் 'விழுந்திருச்சு', எது பிடித்தாலும் 'சூப்பர்'. சரிந்தது, நழுவியது, உதிர்ந்தது எல்லாமே அவனுக்கு 'விழுந்திருச்சு'தான். அதனால் ராத்திரி படுக்கும்போது கதைப் புத்தகம் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு சந்தேகம். 'நரி ஓடியது' என்று இருப்பதை 'நரி ஓடுச்சு' என்று மாற்றி வாசிக்கிறேன். அது சரியா? அப்புறம், தெரியாத சொல் வந்தால் நிறுத்தி அர்த்தம் சொல்கிறேன். மூன்றாவது தடவை நிறுத்தினால் எழுந்து போய்விடுகிறான். என்ன செய்யலாம்?

புதூர் அப்பா:
எங்கள் மகளும் இதே வயதுதான். புத்தகத்தை அவளே தேர்ந்தெடுக்க விட்ட பிறகுதான் உட்கார்ந்து கேட்கிறாள். மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஒரு தடவை கூட்டிப் போங்கள். காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன. நான் தாளில் அச்செடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். போனில் காட்டினால் அவள் கண் வேறு எங்கோ போய்விடுகிறது.

உசிலம்பட்டி டீச்சர்:
அம்மா, நான் 31 வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். இதில் தப்பும் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மாற்றி வாசிக்காதீர்கள்.

ஆரம்ப வருடங்களில் நானும் எல்லாக் கதையையும் பேச்சில்தான் சொன்னேன். பிள்ளைகள் நன்றாகக் கேட்டார்கள். ஆனால் அதே பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் 'சென்றனர்' என்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். எழுத்து தெரிகிறது, சொல் தெரியவில்லை. நாம் பேசுகிற தமிழ் ஒன்று, அச்சில் இருக்கிற தமிழ் ஒன்று. கண்ணில் படுவதற்கு முன்னால் அது காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்குக் கதையை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. கதைக்குள் பாட்டியும் நரியும் பேசுகிற இடத்தில் மட்டும் நம்ம ஊர்ப் பேச்சாகவே பேசுங்கள், பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

அர்த்தம் சொல்லவும் நிறுத்த வேண்டாம். ஒரு பூனைக் கதையில் 'பதுங்கியது' என்று வந்தது. நான் குரலைத் தணித்து, மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டே வாசித்தேன். அவ்வளவுதான். நாலு நாள் அதே கதை வேண்டுமென்றார்கள், வாசித்தேன். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வராந்தா பெஞ்சுக்கு அடியில் ஒரு கோழி ஒண்டியிருந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை ஓடி வந்து, "டீச்சர், கோழி பதுங்கிருச்சு!" என்றாள். புத்தகத்துச் சொல்லை எடுத்துத் தன் வாய்ப்பேச்சு வாலை ஒட்டிக்கொண்டாள் பாருங்கள்! இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அதனால் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை ஓட்டமாக வாசியுங்கள். மூன்றாம் நாள் அவனைச் சொல்ல விடுங்கள்: "இங்க என்னடா நடக்குது? அது ஏன் ஒளியுது?" அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இப்படிக் கேள்வி கேட்டுப் படக்கதை வாசிக்கப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். ஒன்று மட்டும் கவனம்: அவன் 'ஒளிஞ்சிருச்சு' என்றால் திருத்தாமல், "ஆமா, பதுங்கிருச்சு" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆனையூர் அம்மா:
ரொம்ப நன்றி டீச்சர். ஐந்து நாளாக மாற்றாமல் வாசிக்கிறேன். முதல் நாள் "ஏன் நியூஸ் மாதிரி பேசுற?" என்றான், அப்புறம் பழகிவிட்டது. கதையில் 'மடை' என்று வந்தது. எனக்கே நடித்துக் காட்டத் தெரியவில்லை. என் அப்பா சோழவந்தான்காரர், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை அவனை வாய்க்காலுக்கே கூட்டிப் போய்க் காட்டினார். இப்போது குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையும் மடைதான், அதைத் துண்டால் அடைத்து "மடையைத் திறக்கவா?" என்று கேட்கிறான். அப்பா வாய்மொழியாகவும் நிறையக் கதை சொல்வார். அதுவே போதுமா, புத்தகமும் வேண்டுமா?

உசிலம்பட்டி டீச்சர்:
இரண்டும் வேண்டும். மடை, கொடிக்கால், கலுங்கு (கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடம்) எல்லாம் தாத்தாவிடம்தான் கிடைக்கும், அதைக் குறைக்காதீர்கள். அடுத்த தடவை அவர் வரும்போது புத்தகத்தையும் அவர் கையிலேயே கொடுங்கள். விரல் வைத்து மெதுவாகத்தான் வாசிப்பார். இந்த வயசுக்கு அந்த வேகம் ரொம்பத் தோதாக இருக்கும்.