படுத்தால் கால் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது

தறிக்காரன், ஈரோடு பக்கம்:
வயது 54. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். 14 மாதமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை 6 மணி ஷிப்ட்.

இரவு படுத்தால் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. வலி இல்லை, நரம்புப் பிடிப்பும் இல்லை. காலை ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பம். நேற்று 2 மணிக்கு வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தேன். மாடே எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மெஷினில் படுத்ததும் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறேன். அப்புறம் அங்கேயும் கால் ஆரம்பித்துவிடும். ஊசி குத்திய கையை அசைக்க முடியாது. குதிகாலை மெத்தையில் தேய்த்துக்கொண்டே கிடப்பேன். தூக்க மாத்திரை கேட்கலாமா?

சமையலறை ஜன்னல்:
அண்ணா, அம்மாவுக்கும் இதேதான். இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர். டயாலிசிஸ் செய்பவர்களில் நிறையப் பேருக்கு உண்டு. நாங்கள் இரண்டு வருடம் "கால் குடைச்சல்" என்றே சொல்லித் தைலம் வாங்கிக்கொண்டிருந்தோம். "படுத்தால் வருகிறது, நடந்தால் போகிறது" என்று சொன்ன அன்றுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்ததில் இரும்புச்சத்து குறைவு. டயாலிசிஸ் நடக்கும்போதே ஊசி மருந்தாக ஏற்றினார்கள். ஓரளவு அடங்கியது.

அரிப்புக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை இந்தக் காலை இன்னும் கிளப்பிவிடும்.

மெஷின் தம்பி (டெக்னீஷியன்):
அண்ணே, யாராவது இந்தக் காலுக்குக் கபாபென்டின் என்ற நரம்பு மாத்திரை நல்லது என்று சொன்னால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டிய மருந்து. மற்றவர்கள் சாப்பிடும் அளவு உங்களுக்கு உடம்பிலேயே தங்கித் தள்ளாட வைக்கும். கொடுத்தாலும் ரொம்பக் குறைந்த அளவில், டயாலிசிஸ் நாளில், மெஷின் முடிந்து ஊசியைக் கழற்றிய பிறகுதான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இன்னொன்று, குறட்டை உண்டா? இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நீர் சேர்ந்து எத்தனை கிலோ எடை ஏறுகிறீர்கள்? பகலில் காலில் தேங்கும் நீர், படுத்தால் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுக்குழாயை நெருக்கும். மூச்சு நின்று நின்று வருபவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து.

தறிக்காரன்:
சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் மூன்றரை கிலோ. ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய் இல்லாமல் இறங்காது, அப்புறம் தாகம். தறியில் பழகிய டீயும் ஆறு மணிக்கு மேல் இரண்டு கிளாஸ் போகிறது.

குறட்டையைப் பற்றி மனைவியிடம் கேட்டேன். "நடுவில் சத்தமே நின்றுபோகும், நான்தான் தோளைத் தட்டுவேன்" என்கிறாள். இத்தனை நாள் சொல்லவே இல்லை.

அரிப்பு மாத்திரை இரண்டு மாதமாக ராத்திரி ஒன்று. கால் இந்த அளவுக்குப் போனதும் அப்போதிருந்துதான். செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையோடு அவளையும் கூட்டிப் போகிறேன். குறட்டைக் கதையை அவள்தான் சொல்ல முடியும்.