மூன்று நிறுவனங்கள், ஒரே ஆய்வு: தரவை எப்படி ஒன்றுசேர்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம். அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடு பற்றிய ஆய்வு மையம் ஒன்றில் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். மருத்துவமனை, பல்கலைக்கழகம், சிறப்புப் பள்ளி மூன்றும் சேர்ந்து நடத்துவது. ஆளுக்கொரு பழக்கம்!

நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதல் ஒருவழியாக வந்துவிட்டது. இப்போது தலைவலி தரவில்தான். அன்றாடச் செயல்திறனை அளக்க ஓரிடத்தில் வைன்லேண்ட் என்ற மதிப்பீட்டுக் கருவியின் 2005இல் வந்த இரண்டாம் பதிப்பு, இன்னோரிடத்தில் 2016இல் வந்த மூன்றாம் பதிப்பு. இரண்டிலும் சராசரி 100, திட்டவிலக்கம் 15 என்பதால் அப்படியே சேர்த்துவிடலாம் என்கிறார்கள் சிலர். கேள்விகளும், மதிப்பெண்ணை ஒப்பிடும் பொதுமக்கள் மாதிரிக் குழுவும் மாறியிருக்கும்போது அது எனக்குச் சரியாகப் படவில்லை. நுண்ணறிவுச் சோதனையிலோ, தீவிரக் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கும் அந்தச் சோதனை தரக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண்தான், பெரும்பாலும் 40. அவர்களுக்குள் இருக்கும் வேறுபாடே தெரிவதில்லை.

இப்படிப் பல இடத்துத் தரவைக் கையாண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய பதிப்பைத் தனியாக வைத்து ஆராய்ந்தீர்களா, சிலரிடம் இரண்டையும் நடத்தி ஒப்பிட்டீர்களா?

அப்புறம், படங்களோடு எளிமையாக எழுதிய சம்மதப் படிவம் யாரிடமாவது இருந்தால் ஒரு மாதிரி கொடுங்கள். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதும் என்று விட்டுவிட மனமில்லை.