சுரங்க மண்மேட்டில் சருகு மக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
நிலக்கரி எடுத்து முடித்த இடத்து மண்மேட்டில் நான்கு வருடம் முன்பு தைலமரமும் சவுக்கும் நட்டோம். மரங்கள் நன்றாக வந்துவிட்டன. சருகு நான்கு விரல் உயரத்துக்குக் கிடக்கிறது, ஆனால் விலக்கிப் பார்த்தால் கீழே அதே கல்லும் சாம்பல் நிற மண்ணும்தான். ஒரு பகுதியில் சருகைக் கொத்திப் புதைத்தோம். அங்கே வைத்த நாற்றுகள் மஞ்சளாகிவிட்டன. பரிசோதனையில் கரிமச்சத்து தாராளம் என்று வந்திருக்கிறது. அப்புறம் ஏன் இப்படி?

பதில் 1:
மஞ்சளுக்குப் புதைத்ததே காரணமாக இருக்கலாம். தைலமரச் சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 25-30 பங்கைத் தாண்டினால், மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும், நாற்றுக்கு மிஞ்சாது. சவுக்கு வேரில் தழைச்சத்து சேர்க்கும் மரம்தான், ஆனாலும் அதன் ஊசிச் சருகு மக்க நாளாகும்.

பதில் 2:
அந்தக் கரிமச்சத்து எண்ணை நம்பாதீர்கள். எரித்து எடை பார்க்கும் முறை என்றால் மண்ணில் கலந்த நிலக்கரித் துகளும் கணக்கில் சேர்ந்துவிடும். அது செடிக்கு உதவாது. பி.எச். (மண்ணின் அமில, கார அளவு; 7க்குக் கீழே போனால் அமிலம்) எவ்வளவு? மண்புழு இருக்கிறதா?

கேட்டவர்:
பி.எச். 4.3. புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பதில் 2:
அங்கேதான் சிக்கல். சருகை இழுத்து மண்ணோடு கலப்பது மண்புழுவும் மரவட்டையும்தான். அவை இல்லாவிட்டால் சருகு பாய் மாதிரி மேலேயே கிடக்கும். நிலக்கரி மண்ணில் இருக்கும் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். அதைச் சருகு மட்டும் சரிசெய்யாது. மண்ணைச் சோதித்து அளவு கேட்டு முதலில் சுண்ணாம்பு இடுங்கள்.

சருகை அள்ளிவிடாதீர்கள். வெயில் சூட்டையும் மழையில் மண் இறுகுவதையும் தடுப்பது அதுதான்.

கேட்டவர்:
மரங்களை வெட்டிவிட்டு வேறு வைக்கலாமா?

பதில் 1:
மொத்தமாக வேண்டாம். இடையிடையே சில மரங்களை மட்டும் எடுத்துவிட்டு அகத்தி, கிளைரிசிடியா மாதிரி வைத்துப் பாருங்கள். அவற்றின் இலை சீக்கிரம் மக்கும். கூடவே சிறு கண் வலைப்பை சில, பெரிய கண் வலைப்பை சில எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் உலர்ந்த சருகு போட்டு வையுங்கள். சிறு கண் பைக்குள் பூச்சி புழு நுழைய முடியாது, பெரிய கண் பைக்குள் நுழையும். ஆறு மாதம் கழித்து எடை பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் பூச்சி புழு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
சரி, சுண்ணாம்பு இட்டதும் பைகளை வைக்கிறேன். எடை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.